ஆட்காட்டிக்குப் பெயர் வைத்தவன்

எனக்கு அந்தப் பறவையைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் எழுதப்போவதைப் படித்துவிட்டு இவர் பெரிய பறவை ஆர்வலர் போலிருக்கிறது என்று யாரும் என்னைப் பாராட்ட வந்துவிடக் கூடாது. நீண்ட மஞ்சள் கால், கறுத்த தலை, கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு சதைத் துணுக்கு. எங்கள் புத்தளம் கரையில் உப்பு வயல் வரம்பு, இறால் குளத்துக் கட்டு, பள்ளிக்கூட மைதானம், மையத்தை அடக்கும் மையவாடி என்று வெட்டையான இடம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் சோடியாக நிற்கும். ஆளைக் கண்டால் கிளம்பும். கிளம்பினால் வாய் மூடாது. தலைக்கு மேலே வட்டமடித்து, தாழப் பறந்து, இவன் வருகிறான், இவன் வருகிறான் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத்தான் ஓயும். அதனால் அதற்கு ஆட்காட்டி என்று பெயர். பேச்சில் ஆக்காட்டி.

நான் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவன். மதுரங்குளியிலிருந்து களப்பு என்கிற கடற்கழியின் கரை வரைக்கும் உள்ள இறால் குளங்களிலும் உப்பு வயல்களிலும் எந்த மோட்டார் நின்றாலும் எனக்குத்தான் அழைப்பு வரும். விடியற்காலையில் மோட்டார் சைக்கிளைக் கட்டடியில் நிறுத்திவிட்டு, சாமான் பையைத் தூக்கிக்கொண்டு பத்து அடி நடப்பதற்குள் அது தொடங்கிவிடும். வேலை செய்து முடிக்கும் வரை தலைக்கு மேலே கூச்சல். பண்ணைக்காரர்கள் வெளியே வந்து, ஆக்காட்டி கத்தும்போதே நினைத்தோம், நீங்கள்தான் என்று சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், வாயால் மட்டும்.

எனக்கு அந்தப் பெயரே ஆகாது. நாங்கள் தொண்ணூறில் மன்னாரிலிருந்து வந்தவர்கள். எனக்கு அப்போது பதினைந்து வயது. ஆயுதம் வைத்திருந்தவர்கள் முஸ்லிம்கள் எல்லோரையும் போகச் சொன்னார்கள், போனோம். போகச் சொன்னவர்கள் காரணம் சொல்லவில்லை. காரணம் பின்னால்தான் காற்றுவாக்கில் வந்து சேர்ந்தது: உங்கள் ஆட்கள் ஆட்காட்டிகள், ஆமிக்கு ஆள் காட்டுகிறவர்கள். என் வாப்பா படகு இயந்திரம் திருத்துகிறவர். ஆமிக்காரனோடு கதைப்பதற்கு அவருக்குச் சிங்களத்தில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. அப்படிப்பட்ட மனிதர் தன் உடுப்பு ஒரு பையிலும் திருகு சாவிகள் ஒரு பையிலுமாகக் கற்பிட்டிக் கரையில் இறங்கி, ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு, நான் யாரைக் காட்டினேன் என்று சாகும்வரை உம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பெயர்களைச் சேர்க்கும் பைத்தியம் பிடித்தது ஒரு வெள்ளைக்காரனால். கற்பிட்டியில் கடலோரமாக இருக்கும் ஒரு உல்லாச விடுதியில் பம்பு பார்க்கப் போயிருந்தேன். தூரக்கண்ணாடியோடு நின்ற ஒருவன் அந்தப் பறவையைக் காட்டி உங்கள் மொழியில் என்ன பெயர் என்று கேட்டான். சொன்னேன். பொருள் கேட்டான். அதையும் எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, தங்கள் நாட்டார் அதன் சத்தத்தையே பெயராக வைத்திருக்கிறார்கள் என்றான். அது கத்துவது அவர்கள் காதுக்கு, டிட் ஹி டூ இட், அதாவது அவன் செய்தானா, அவன்தான் செய்தானா என்று கேட்கிறதாம். எனக்கு உச்சந்தலை வரை சூடேறிவிட்டது. அந்த மொழியிலும் இதற்குப் பொலிஸ் வேலைதானா என்று நினைத்தேன். அன்று மத்தியானமே என் வேலைக் கொப்பியின் பின்பக்கத்தில் இரண்டு பெயர்களையும் எழுதி வைத்தேன். ஒரு கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் அதன் கொட்டம் அடங்கிவிடும் என்று நம்பினேன் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு போகிற இடமெல்லாம் கேட்டேன். உடப்பில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் பெயர் ஆட்காட்டிதான், ஆனால் எங்களுக்கு அது காவல்காரன் என்றார்கள். மணலில் காயும் வலைக்கு நாய் வந்தாலும் சரி, ஆள் வந்தாலும் சரி, முதலில் சத்தம் போடுவது அதுதான். சிலாபம் பக்கத்தில் ஒரு பண்ணை மேலாளர், சிங்களவர், கிரலா என்றார். வானம் விழுந்துவிடும் என்ற பயத்தில் அது காலை மேலே தூக்கிக்கொண்டு மல்லாந்து தூங்குமாம். கிரலா என்றால் என்ன பொருள் என்று கேட்டேன். பொருள் என்ன பொருள், அதன் பெயர் கிரலா என்றார். எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்தது. அதன் மேல் எந்தக் குற்றமும் சுமத்தாத ஒரு மொழியாவது இருக்கிறதே என்று ஆறுதலாக இருந்தது. எங்கள் ஊர் மௌலவியையும் விட்டுவைக்கவில்லை. அவர் தன் சுட்டுவிரலைத் தூக்கிக் காட்டி, இதையும்தான் ஆட்காட்டி விரல் என்கிறார்கள், தொழுகையில் கலிமா சொல்லி உயர்த்துவதால் நாம் கலிமா விரல் என்கிறோம், விரல் ஒன்றுதானே என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் எதையும் பாதியில் விட்டுவிடுவார்.

எலுவன்குளத்தில்தான் எனக்குக் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது. காட்டோரத்து வயல்காரர் ஒருவர், அது ஆளை எங்கே காட்டுகிறது, எங்களுக்கு ஆனையைத்தான் காட்டுகிறது என்றார். இராக் காவலில் கண் அசந்துவிட்டால் அந்தச் சத்தம்தான் அவரை எழுப்புமாம். அதே தேத்தண்ணிக் கடையில் இருந்த இன்னொருவர், ஒரு காலத்தில் வேட்டைக்குப் போய் இப்போது விட்டுவிட்டதாகச் சொன்னவர், அந்தப் பெயரைக் கேட்டதும் காறித் துப்பினார். மூன்று மணித்தியாலம் மூச்சுவிடாமல் பதுங்கியிருந்து மான் தண்ணிக்கு இறங்கும் நேரத்தில் இந்தச் சனியன் கத்திக் கெடுத்துவிடும் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பறவை மனிதனுக்கு மனிதனைக் காட்டவில்லை. மானுக்கு மனிதனைக் காட்டுகிறது. அதற்கு ஆட்காட்டி என்று பெயர் வைத்தவன் பதுங்கியிருந்தவன். வலைக்காரனும் வயல்காரனும் வைத்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்கள். ஒளிந்திருந்து கொல்லப் போனவன் வைத்த பெயரை நாங்கள் எல்லோரும் வெட்கமில்லாமல் சொல்லிக்கொண்டு திரிகிறோம். இதை அப்படியே கொப்பியில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன். அந்தக் கடையில் அரசாங்கச் சட்டை போட்ட ஒரு உத்தியோகத்தரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அவரிடமும் பெயர் கேட்டேன். அது எனக்குப் பின்னால் வினையானது.

எங்கள் ஊருக்குப் பின்புறம் களப்புக் கரை. கரை நெடுக, உப்புச் சேற்றில் வேர்விட்டு நிற்கும் கண்டல் மரங்கள். அதை ஒட்டி ஊரின் பெரிய இறால் முதலாளியின் குளங்கள். சட்டம் தடுத்திருந்தும் அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டலை அழித்துக் குளத்தைப் பெருப்பித்துக்கொண்டு போனார். மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் ஒன்று காலையிலிருந்து உறுமும். ஊரில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு அதில் நாள் சம்பளம். நான் அவருடைய பம்புகளைப் பார்க்கிறவன் என்பதால் அந்தக் கரைக்குப் போய் வருவேன். வேலையாட்களையும் என்னையும் தவிர அங்கே தினமும் போவது ஒருத்தி மட்டும்தான். கண்டல் வேருக்குள் இருக்கும் பொந்துகளில் கம்பிக் கொக்கியை விட்டு நண்டு பிடிப்பவள், புருஷனை இழந்தவள், குடியிருந்தது முதலாளியின் காணி மூலையில். அவள் இந்த மண்ணிலேயே பிறந்தவள், என்னைப் போல வந்தவள் அல்ல.

அவளிடமும் ஒருநாள் பெயர் கேட்டேன். கொக்கியை நிலத்தில் குத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். வேலை வெட்டி இல்லாத மனிதர்களைப் பார்க்கும் பார்வை. பெயர் கேட்டு என்ன செய்யப் போகிறீர்கள், அது கத்துவது அதன் முட்டைக்காக, உங்களுக்காக அல்ல என்றாள். பிறகு கையால் கூப்பிட்டுக் கொண்டுபோய்க் காட்டினாள். வெறுந்தரையில், சிப்பியும் கல்லும் கிடந்த இடத்தில், கல்லோடு கல்லாக நான்கு முட்டைகள். பக்கத்தில் ஒரு கண்டல் குச்சி நட்டிருந்தது. யாரும் மிதித்துவிடக் கூடாதென்று, கண்ட இடத்திலெல்லாம் குச்சி நட்டுவைப்பது அவள் வழக்கமாம். பெக்கோ வந்த பிறகு அந்தக் குச்சிகளை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டாள். நான் அதையும் கொப்பியில் எழுதினேன்.

இரண்டு கிழமை கழித்து ஒருநாள் கரையோரத்தைப் பாதுகாக்கும் அரசாங்கக் கந்தோரிலிருந்து ஜீப்பில் ஆட்கள் வந்தார்கள். கரையை அளந்தார்கள், படம் எடுத்தார்கள், பெக்கோவை நிறுத்தி அதன் திறப்புச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்கள். யாரோ பெயர் சொல்லாமல் தொலைபேசியில் முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள் என்று தெரியவந்தது. பன்னிரண்டு பேருக்கு வேலை நின்றது. அந்தி மஃரிபு தொழுகைக்கு முன்னாலேயே ஊர் ஆளைக் கண்டுபிடித்துவிட்டது. கொப்பியும் கையுமாகக் கரையில் திரிந்தவன் யார்? எலுவன்குளத்தில் அரசாங்கச் சட்டைக்காரனோடு கதைத்துக்கொண்டிருந்தவன் யார்? வந்தவன் யார்?

நான் செய்த மடத்தனத்தையும் சொல்ல வேண்டும். சந்திக் கடையில் நாலு பேர் கூடி நின்று கேட்டபோது, இதுதானே சந்தேகம், பாருங்கள் என்று கொப்பியையே எடுத்து நீட்டினேன். ஒருவன் வாங்கிச் சத்தமாக வாசித்தான். ஆட்காட்டி, உடப்பு. ஆட்காட்டி, எலுவன்குளம், பதுங்கியிருந்தவன். ஆட்காட்டி, களப்புக் கரை, முட்டை நாலு. வாசித்தவன் கொப்பியை மூடி, அழுக்குத் துணியைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் பிடித்து என்னிடம் தந்தான். அன்றிலிருந்து என் தொலைபேசி அடிப்பது நின்றது. என் கண்முன்னே மோட்டார் நின்று இறால் செத்துக்கொண்டிருந்த குளத்துக்குக்கூடச் சிலாபத்திலிருந்து ஆள் பிடித்து வந்தார்கள். ஒரு பறவைக்கு மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு ஊருக்கு மேல் திரும்பியது. ஒருவர் விடாமல் எல்லோரையும் வெறுத்தேன். இதை இப்போது மழுப்பிச் சொல்ல விரும்பவில்லை.

அந்த மாதம் ஊரில் ஒரு கல்யாணம். எங்கள் கல்யாணச் சாப்பாடு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சஹன் என்ற பெரிய வட்டத் தட்டில் சோறும் கறியும் வைப்பார்கள். ஆறு பேர் அதைச் சுற்றிப் பாயில் உட்கார்ந்து ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிட வேண்டும். பணக்காரன் பக்கத்தில் மீன்காரன் உட்காருவான், அதுதான் அதன் அழகு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஆறு பேர் சேர்ந்தால்தான் சஹன் வரும். நான் போய் ஒரு பாயில் உட்கார்ந்தேன். பக்கத்துப் பாய்களெல்லாம் நிறைந்தன. என் பாயில் ஐந்து இடம் அப்படியே கிடந்தது. இடமில்லாமல் சுவரோரம் நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள். கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தவன் என்னைத் தாண்டிப் போனான்.

எழும்பிப் போயிருக்கலாம். எனக்குப் பிடிவாதம். சம்மணம் போட்டபடி அசையாமல் இருந்தேன். கடைசியில் கல்யாண வீட்டுக்காரர் தர்மசங்கடத்தோடு வந்து, நோயாளிக்குக் கொடுப்பதுபோல, ஒரு பீங்கான் தட்டில் எனக்கு மட்டும் சோறு போட்டுத் தந்தார். அதை ஒரு பருக்கை விடாமல் தின்றேன். என்ன ருசி என்று கேட்டால் தெரியாது.

அதோடு நின்றிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். எங்கள் மகளுக்குக் கற்பிட்டியில் நிக்காஹ் பேசி முடித்திருந்தோம். பெண் வீட்டுப் பள்ளிவாசல் நிர்வாகம் தங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று ஒரு கடிதம் கொடுத்தால்தான் மற்ற ஊரில் நிக்காஹை எழுதுவார்கள். அந்தக் கடிதத்துக்குப் போனேன். தலைவர் கண்ணைப் பார்க்காமல், உங்கள் விசயம் கொஞ்சம் பேசி முடிக்க வேண்டியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு வாருங்கள் என்றார். நிக்காஹுக்கு மூன்று கிழமை இருந்தது. மாப்பிள்ளை வீட்டில் இரண்டு தரம் கடிதம் எங்கே என்று கேட்டுவிட்டார்கள். மகள் தைக்கக் கொடுத்த உடுப்பை வாங்கப் போகாமல் இருந்தாள்.

சனிக்கிழமை பின்னேரம் நண்டு பிடிப்பவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சமையல் குசினி வாசலில் நின்றபடி, எனக்கும் மனைவிக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள். அண்ணன் என்பதற்கு எங்கள் பக்கம் நானா என்போம்.

"அது நான்தான் நானா. புத்தளத்துக்குப் போய் ஒரு கடைல காசு குடுத்து கந்தோருக்கு போன் கோல் எடுத்தேன். கரைய வெட்டினா நான் என்னத்தத் திங்கிற? வெளிய சொல்லேலா, மொதலாளி ஊட்ட உட்டு எழுப்பிருவான். ஒங்களுக்கு நடக்கிறதப் பாத்துட்டுச் சொல்லாம இருக்கவும் ஏலல."

மனைவி அவளை உட்காரச் சொன்னாள். அவள் உட்காரவில்லை. என்னிடம் எதையும் கேட்கவும் இல்லை. என் பெயரைச் சொல்லாதீர்கள் என்றோ, சொல்லித் தொலையுங்கள் என்றோ, ஒன்றுமே சொல்லாமல் போய்விட்டாள். எனக்கு அன்றிரவு முழுக்க ஆத்திரம். இவ்வளவு நாளும் யார் என்று தெரியாமல் பழி சுமந்தேன். இப்போது தெரிந்தும் சுமக்க வேண்டும் என்றால் என்ன நியாயம் என்று மனைவியிடம் கத்தினேன். அவள், பெயர் கேட்டுத் திரியாமல் இருந்திருந்தால் இதெல்லாம் வந்திருக்குமா என்று திருப்பிக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிவாசலை ஒட்டிய அறையில் தலைவர், மௌலவி, முதலாளி, நான். தலைவர் சில்லறைக் கடைக்காரர். கெட்டவர் அல்ல, ஆனால் அவர் கடையின் பாதிச் சரக்கு முதலாளியின் பண்ணைக்குத்தான் போகிறது. முதலாளி எனக்கு உட்காரக் கதிரை இழுத்துப் போட்டார். உடம்பு எப்படி, பிள்ளையின் காரியம் எப்படி என்று விசாரித்தார். தலைவர், நீங்கள் செய்யவில்லை என்றால் இல்லை என்று சத்தியம் பண்ணுங்கள், கடிதத்தை இப்போதே தருகிறேன் என்றார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் முதலாளி குறுக்கே வந்தார், மிகவும் சாந்தமாக.

"சத்தியம் பண்ணட்டும், நான் ஏத்துக்கிறேன். என்ட வேலையாளுகள உட்டா அந்தக் கரைக்கிப் போறது ரெண்டே பேரு. இவர் இல்லண்டா மத்த ஆள் ஆருண்டு எனக்கு விளங்கும்."

அப்போதுதான் நான் நிற்கும் இடம் எனக்குத் தெரிந்தது. நான் காட்டிக் கொடுத்தவன் இல்லை என்று நிரூபிக்க வேண்டுமானால் நான் ஒருத்தியைக் காட்டிக் கொடுக்க வேண்டும். உண்மையைச் சத்தியம் செய்தாலே போதும், அவள் பெயரை நான் உச்சரிக்கக்கூட வேண்டாம். மௌலவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்" என்றேன்.

இதை யாரும் தியாகம் என்று எண்ண வேண்டாம். எனக்கு அந்த நேரத்தில் அவள் முகம்கூட நினைவில் இல்லை. கோபம் மட்டும்தான் இருந்தது. முப்பத்தைந்து வருடமாகச் செய்யாத ஒன்றுக்கு எங்கள் குடும்பம் பெயர் வாங்கியிருக்கிறது, ஒருதரம் செய்தவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்றிருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தபோது கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது.

முதலாளி கோபப்படவில்லை. வந்த ஆட்களுக்கு இந்த ஊர் எவ்வளவு செய்திருக்கிறது என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். பிறகு, மாப்புக் கேட்டால் முடிந்தது, முஸ்லிமுக்கு முஸ்லிம் மூன்று நாளுக்கு மேல் பகைக்கக் கூடாது என்றார். எங்கள் வழக்கம் அதுதான். பிழை செய்தவன் பள்ளியில் வைத்து மாப்புக் கேட்டுக் கை கொடுத்துவிட்டால் ஊர் அதற்குப் பிறகு அந்தக் கதையைத் தோண்டாது. நான் மகளை நினைத்தேன், வாங்காமல் கிடக்கும் உடுப்பை நினைத்தேன். எழும்பி நின்று மாப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு உறையிலிருந்து தாளை எடுத்து, சமாதானமாகிவிட்டோம் என்று ஒரு கையெழுத்து என்றார். சிங்களத்தில் தட்டச்சு செய்திருந்தது. பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. எனக்குச் சிங்களம் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். வாசிக்கவில்லை. நான் வருவதற்கு முன்பே அந்தத் தாள் ஏன் தயாராக இருந்தது என்றும் யோசிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, கடிதத்தை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எட்டு நாள் கழித்துப் பெக்கோ திரும்பவும் வந்தது. நான் வெளியூர்க்காரர் ஒருவரின் உப்பு வயலில் பம்புக்குக் கீழே படுத்துக்கிடந்தேன். அந்த உறுமலைக் கேட்டு எழும்பிப் போய்ப் பார்த்தேன். ஓட்டுகிறவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். நீங்கள் கையெழுத்துப் போட்ட கடிதத்தால்தான் வேலை தொடங்கியது, அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்வான் என்றான். முறைப்பாடு கொடுத்தது நான்தான், தனிப்பட்ட கோபத்தில் பொய்த் தகவல் கொடுத்தேன், அதை வாபஸ் வாங்குகிறேன் என்று அந்தத் தாளில் இருந்ததாம். பெயரில்லாத முறைப்பாட்டுக்கு நானே போய் ஒரு பெயரைக் கொடுத்து, அந்தப் பெயராலேயே அதைப் பொய்யாக்கியிருக்கிறேன். முறைப்பாடு கொடுத்தது யார் என்பது முதலாளிக்குத் தேவையே இல்லை. நான்தான் என்று சொல்ல ஒரு ஆள்தான் தேவைப்பட்டது. கண்டல் வேர்கள் மண்ணோடு புரண்டு கிடந்தன. என் தலைக்கு மேலே எந்தப் பறவையும் கத்தவில்லை.

அன்றிலிருந்து என் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. சந்திக் கடையில் கொப்பியை வாசித்தவன் எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தான். மகளின் நிக்காஹ் கற்பிட்டியில் முடிந்து, அன்று மத்தியானம் ஊர் முழுக்க எங்கள் வீட்டில். நான் சஹனுக்கு உட்கார்ந்ததும் ஆறு இடத்துக்கு எட்டுப் பேர் முண்டியடித்தார்கள். முதலாளி தன் கையால் இறைச்சித் துண்டைப் பிய்த்து என் பக்கம் தள்ளிவிட்டார். நான் அதையும் தின்றேன். மகள் சிரித்தபடி இருந்தாள், அது ஒன்றுதான் அன்று எனக்கு உண்மையாக இருந்தது.

பின்னேரம் வீட்டுக்குப் பின்னால் பெண்கள் சஹன் கழுவிக்கொண்டிருந்தார்கள். நண்டு பிடிப்பவளும் வந்து, கேட்காமலேயே உட்கார்ந்து கழுவினாள். கடைசித் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மற்றவர்கள் உள்ளே போகும் வரை காத்திருந்து, என்னிடம் வந்தாள்.

"மாப்புக் கேட்டீங்களாமே நானா. எந்தப் பிழைக்கி?"

உன்னைக் காப்பாற்றத்தான் என்றேன்.

"நான் கேட்டேனா? என்ட பேரச் சொல்லியிருந்தா ஊட்ட மட்டுந்தான் எடுத்திருப்பான், நான் கையெழுத்து வெச்சிருக்க மாட்டேன். ஊடு இல்லாட்டிக் கரைல ஒரு கொட்டில் போட்டுட்டு நண்டு புடிச்சித் திண்டிருப்பேன். இப்ப ஊடு ஈக்கி, கரை இல்ல."

மனைவி அவளுக்கென்று ஒரு சோற்றுப் பார்சல் கட்டி வைத்திருந்தாள். அதை எடுத்துக் கொடுத்தேன். வாங்கினாள். பிறகு கிணற்றுக் கட்டில் அதை வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நடந்தாள். எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது, முதலாளி மேல் அல்ல. அது இன்னும் ஆறவில்லை.

இப்போது அவள் ஒரு தொழிற்சாலையில் இறால் தலை கிள்ளுகிறாள். காலையில் வேலைக்குப் போகும் வழியில் எதிர்ப்பட்டால் நான் மோட்டார் சைக்கிளை மெதுவாக்கி ஸலாம் சொல்கிறேன். ஸலாத்துக்குப் பதில் சொல்வது எங்களுக்குக் கடமை என்பதால் அவள் பதில் சொல்கிறாள்.